நெஞ்செரிச்சல் இருந்தாலும் ருசியாகச் சாப்பிடலாம்: அடுப்படிக்கான முழுமையான வழிகாட்டி

நெஞ்செரிச்சல் என்று டாக்டரிடம் போனால், திரும்பி வரும்போது கையில் ஒரு மாத்திரைச் சீட்டு இருக்கும், காதில் ஒரு வரி இருக்கும்: "காரம், புளி, எண்ணெய் சேர்க்காதீங்க." நானும் அப்படித்தான் வந்தேன். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் நம் வீட்டு அடுப்படியில் என்னதான் மிச்சம்? யோசித்துப் பார்த்ததில் இட்லி, தயிர்சாதம், கஞ்சி என்று மூன்றுதான் தோன்றின. நாலு மாதம் அதையே சாப்பிட்டேன். ஐந்தாம் மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு, யாருக்கும் சொல்லாமல் போய் நாலு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து அடித்தேன். அன்று விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன்.

மனஉறுதி போதவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, நான் போட்ட சாப்பாட்டுத் திட்டமே தப்பு. ஒரே மூன்று பண்டத்தை வைத்துக்கொண்டு யாராலும் பத்தியம் காக்க முடியாது. அந்த நாலு மாதத்தில் நான் கண்டுபிடித்திருக்க வேண்டியதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது அந்த நோய்தானா?

நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் "அல்சர்" என்றோ "கேஸ்" என்றோ சொல்லிவிடுவோம். அல்சர் என்பது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ வரும் புண். அதற்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, அல்லது வலி மாத்திரைகள். (பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.) நாம் பேசப்போவது அல்சரைப் பற்றி இல்லை. சாப்பிட்ட பின் நடுநெஞ்சில் எரிச்சல், புளித்த ஏப்பம், குனிந்தாலோ படுத்தாலோ தொண்டைவரை எதுக்களித்து வருவது: இதைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழுங்கும்போது சாப்பாடு நடுவில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கருத்த மலம், ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கும் நேரம் அல்ல அது, மருத்துவரைப் பார்க்கும் நேரம். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் என்றால் "வாயுதான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பை வாயு என்று நினைத்து இரவைக் கடத்தியவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

படி 1: கதவைத் திறப்பது எது, புண்ணில் படுவது எது

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை உண்டு, அதுதான் கதவு. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் உள்ளே இருக்கும் அமிலம் மேலே வருகிறது. இரைப்பைக்குள் அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் எரிச்சல்.

இதை வைத்துப் பார்த்தால் நமக்கு ஆகாத சாப்பாடு இரண்டு கூட்டமாகப் பிரிகிறது.

கதவைத் திறப்பவை ஒரு கூட்டம். வயிறு முட்டச் சாப்பிடுவது, எண்ணெயும் கொழுப்பும் (வயிறு காலியாக நேரமாகும்), சாக்லேட், புதினா, மது, சிகரெட், சிலருக்குக் காபி, சாப்பிட்டவுடன் படுப்பது. இடுப்பை இறுக்கும் பெல்ட்டும் பாவாடை நாடாவும்கூட இதில் சேர்த்திதான், வயிற்றை அமுக்கி மேலே தள்ளும்.

இரண்டாவது கூட்டம் ஏற்கெனவே புண்பட்ட குழாயில் போய்ப் படுபவை: புளி, தக்காளி, எலுமிச்சை, மிளகாய். புளி சாப்பிட்டால் வயிற்றில் அமிலம் ஊற்றெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரைப்பை அமிலமே புளிக்கரைசலைவிடப் புளிப்பானது. புளியின் குற்றம் அது போகும் வழியில் புண்ணைத் தொடுவதுதான்.

இந்தப் பிரிவினை எனக்குப் பெரிய நிம்மதியைக் கொடுத்தது. முதல் கூட்டத்தோடு எப்போதும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குக் கொஞ்ச காலம் விடுமுறை, அவ்வளவுதான். நானோ நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். புளியை விட்டுவிட்டேன், ஆனால் தயிர்சாதத்தை இரவு பத்து மணிக்கு ஒரு குண்டான் சாப்பிட்டுவிட்டு நேரே பாயில் சாய்ந்தேன்.

படி 2: பண்டத்தை மாற்றும் முன் நேரத்தையும் அளவையும் மாற்றுங்கள்

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். பத்தரைக்குப் படுப்பவர் ஏழரைக்குள் முடிக்க வேண்டும். வேலையிலிருந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். அவர்கள் ஆறரை மணிக்கு வேலையிடத்திலேயே பெரும்பங்கைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரியுங்கள். வயிற்றில் முக்கால் பங்குக்கு நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு நடுவில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதை விட்டு, அரை மணி கழித்துக் குடியுங்கள். காலைப் பட்டினி போட்டு மதியம் சேர்த்துக் கட்டுவது எல்லாவற்றையும்விட மோசம்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆடாத மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வேலைக்காகாது. அது இடுப்பில் மடித்து வயிற்றை இன்னும் அமுக்கும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும், அந்த நிலையில் இரைப்பை குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். எடை கூடுதலாக இருந்தால், கொஞ்சம் குறைத்தாலே எரிச்சல் குறைவது தெரியும்.

மாத்திரை பற்றி ஒரு வரி. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சாப்பிட்டு முடித்துப் போட்டுவிட்டு "மாத்திரை கேட்கலை" என்பவர்கள் அதிகம். எவ்வளவு நாள் போடுவது என்பதை டாக்டர் சொல்லட்டும், மருந்துக்கடைக்காரர் வேண்டாம்.

படி 3: புளி இல்லாத குழம்புகளைத் தேடிப் பிடியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம், கொஞ்சம் நின்றே சொல்கிறேன்.

குழம்பு என்றாலே புளி என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் நம் சமையலில் புளியே தொடாத ஒரு பெரிய கிளை இருக்கிறது: பொரிச்ச குழம்பு, கூட்டு, பாலக்காட்டு மொளகூட்டல், ஓலன், எரிசேரி, ஈழத்துச் சொதி. இவற்றில் எதையும் நோயாளிக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. நன்றாக இருக்கிறவர்கள் ருசிக்காகச் சமைப்பவை. அதனால் வீட்டில் உங்களுக்கென்று தனிச் சட்டி வைக்க வேண்டாம், எல்லோருக்கும் ஒரே குழம்பு. என் அனுபவத்தில், தனிச் சட்டி வைத்த பத்தியம் ஒரு மாதம் தாண்டாது.

பொரிச்ச குழம்பிலிருந்து தொடங்குங்கள். நாலு பேருக்கு 100 கிராம் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். கால் கிலோ புடலங்காயைத் தனியே உப்புப் போட்டு வேகவிடுங்கள். ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, ஒரு தேக்கரண்டி சீரகம், ஐந்தாறு மிளகு, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு நைசாக அரையுங்கள். மூன்றையும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. மிளகு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதையும் விட்டுவிடலாம், வறுத்த உளுந்தின் வாசமே போதும்.

புடலங்காய்க்குப் பதில் பீர்க்கங்காய், சுரைக்காய், சௌசௌ, வாழைத்தண்டு, அவரை, முருங்கைக்காய் என்று மாற்றினால் ஆறு நாளைக்கு ஆறு குழம்பு. உளுந்துக்குப் பதில் தனியா வறுத்து அரைத்தால் மணமே மாறிவிடும்.

சாம்பார் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு தந்திரம். வெந்த பரங்கிக்காய் நாலு துண்டை மசித்துப் பருப்போடு சேர்த்துவிடுங்கள். தக்காளி தரும் நிறமும் கெட்டியும் வந்துவிடும். சாம்பார்ப்பொடியை வழக்கத்தில் கால்பங்கு போட்டு, வறுத்த தனியாப்பொடியால் ஈடுகட்டுங்கள். புளிப்பு இருக்காது, உண்மைதான். முதல் வாரம் நாக்கு தேடும், அப்புறம் பழகிவிடும்.

ரசத்துக்கு, வெந்த துவரம்பருப்புத் தண்ணீரில் சீரகமும் தனியாவும் நசுக்கிப் போட்டு, நுரை கட்டும்போது பெருங்காயமும் கொத்தமல்லித்தழையும் சேர்த்து இறக்குங்கள். இதை ரசம் என்று சொல்லலாமா என்று என் அம்மா கேட்டார். பெயர் எதுவானாலும் சோற்றில் பிசைந்தால் இறங்குகிறது.

தேங்காய்ப்பால் போடும் சொதிக்கும் ஓலனுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. முதல் பாலில் கொழுப்பு அதிகம். இரண்டாம், மூன்றாம் பாலிலேயே காய்களை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். சொதியில் கடைசியாகப் பிழியும் எலுமிச்சையை மறந்துவிடுங்கள்.

படி 4: மொறுமொறுப்பை விட்டுவிடாதீர்கள்

பத்தியச் சாப்பாட்டில் சலிப்பு வருவது காரம் இல்லாததால் மட்டுமல்ல. எல்லாமே குழைவாக இருக்கும். இட்லி குழைவு, கஞ்சி குழைவு, தயிர்சாதம் குழைவு. பல்லுக்கு வேலையே இல்லை. இது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

அப்பளத்தை எண்ணெயில் பொரிக்காமல் தணலிலோ அடுப்புத் தீயிலோ சுடுங்கள். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் பொரியும் பொட்டுக்கடலையும். வெள்ளரிக்காயைத் துண்டாக நறுக்கிக் கடியுங்கள். பீன்ஸ், கொத்தவரங்காய்ப் பொரியலை அரைவேக்காட்டுக்குச் சற்று மேலே நிறுத்தி, தேங்காய்த் துருவல் தூவுங்கள். தினை, சாமை, வரகு சாதமாக வடித்தால் குழையாமல் உதிரியாக நிற்கும், நார்ச்சத்தும் கூடும்.

படி 5: இட்லிமேல் குற்றமில்லை, சட்னியைப் பாருங்கள்

"இட்லி சாப்பிட்டாலும் எரிகிறது" என்று சொல்பவர்கள் தட்டில் பெரும்பாலும் காரச் சட்னியும் தக்காளிச் சட்னியும் இருக்கும். அல்லது மாவு நாலு நாள் பழசாக இருக்கும். புளித்த மாவைத் தோசையாக்கி எண்ணெய் விட்டுச் சாப்பிட்டால் இரண்டு தொல்லையும் ஒன்றாக வந்து சேரும். மாவு பொங்கிய முதல் இரண்டு நாளில் உங்கள் பங்கை முடித்துக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன? பொட்டுக்கடலை தாராளமாகச் சேர்த்து, பச்சைமிளகாய் ஒன்றே ஒன்று போட்டு, துளி இஞ்சியோடு அரைத்த தேங்காய்ச் சட்னி. பீர்க்கங்காய்த் தோலை வதக்கி உளுத்தம்பருப்போடு அரைத்த துவையல், புளி போடாமல். கொத்தமல்லித் துவையல் சரி, புதினா வேண்டாம். கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப்பொடி, பருப்புப்பொடி மூன்றையும் மிளகாய் குறைத்து வீட்டிலேயே இடித்து வைத்துக்கொள்ளலாம். பொடியில் எண்ணெய்க்குப் பதில் வெந்நீர் கலந்து குழைக்கலாம். சிரிக்காதீர்கள், எள்ளுப்பொடிக்கு அது பொருந்துகிறது.

கும்பகோணம் கடப்பா தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த குழம்பு அது. மிளகாயையும் பட்டை கிராம்பையும் குறைத்து, கடைசி எலுமிச்சையைத் தவிர்த்தால் நமக்கென்றே செய்தது போல இருக்கும். இடியாப்பம், புட்டு, ஆப்பம், கோதுமை ரவை உப்புமா என்று மாற்றி மாற்றி வையுங்கள். வெண்பொங்கல் சாப்பிடலாம், ஆனால் நெய் மிதக்கும் கடைப் பொங்கல் அல்ல. வீட்டில் ஒரு தேக்கரண்டி நெய்யோடு செய்தது.

படி 6: காபி, மோர், பால், பழம்

காபியை நிறுத்து என்றால் பாதிப் பேர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடுவார்கள், நானே மூடியிருப்பேன். முதலில் வெறும் வயிற்றுக் காபியை நிறுத்துங்கள். காலை டிபன் முடித்து, டிகாக்ஷன் குறைத்து, சின்ன டம்ளரில் ஒன்று. இரண்டு வாரம் எரிச்சல் இல்லையென்றால் அது உங்களுக்குப் பகையில்லை. மல்லி, சுக்கு காபி நல்லதுதான், ஆனால் சுக்கைத் தூக்கலாகப் போட்டால் அதுவே எரியும். மல்லி மூன்று பங்கு, சுக்கு கால் பங்கு போதும்.

பால் குடித்தால் உடனே குளிர்ச்சியாக இருக்கும். சற்று நேரத்தில் பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் இரைப்பையை மறுபடி அமிலம் சுரக்கவைக்கும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் என்ற பழைய யோசனை அதனால்தான் பலருக்கு எதிராக வேலை செய்கிறது. மோர் பரவாயில்லை. அன்றைக்குத் தோய்ந்த தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை. புளித்த மோர் மோர்க்குழம்புக்குப் போகட்டும், உங்கள் டம்ளருக்கு வேண்டாம். சோடா, கோலா வகையெல்லாம் வயிற்றை ஊதவைத்துக் கதவைத் தள்ளும். ஏப்பம் வந்ததும் லேசானது போலத் தோன்றுவது ஏமாற்று.

வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி, சப்போட்டா, கொய்யா பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசி கொஞ்ச நாள் கடையிலேயே இருக்கட்டும். இளநீர் எப்போதும் சரி.

படி 7: அசைவம்

மீன் விட வேண்டாம். மஞ்சள், சீரகம், உப்பு, இம்மி மிளகு பூசி வாழையிலையில் மடித்துத் தவாவில் சுட்டால், பொரித்த மீனுக்கு ஏங்க மாட்டீர்கள். முட்டை அவித்தது, ஆம்லெட் அல்ல. கோழியைத் தோல் நீக்கி, தனியா சீரகம் அரைத்துவிட்டுத் தண்ணீராகக் குழம்பு வையுங்கள். ஆட்டுக்கறியில் கொழுப்பு ஒட்டாத துண்டாக, மதியம் மட்டும். பிரியாணியும் மதியத்துக்குத்தான், அரைத் தட்டு. இரவு பிரியாணிக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

படி 8: ஒரு நோட்டு, மூன்று நாள் கணக்கு

மேலே சொன்னதெல்லாம் பொது. உங்கள் வயிறு தனி. ஒருவருக்குத் தக்காளி எரியும், இன்னொருவருக்குப் பச்சை வெங்காயம் மட்டும்தான். ஊரில் உள்ள எல்லாப் பட்டியலையும் சேர்த்து விலக்கினால் சத்தும் போகும், சந்தோஷமும் போகும். மருத்துவர்களும் இப்போது எல்லோருக்கும் எல்லாவற்றையும் தடுப்பதில்லை, தனக்கு எது ஆகவில்லையோ அதை விடச் சொல்கிறார்கள்.

ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: என்ன, எத்தனை மணிக்கு, எரிந்ததா. முதலில் மூன்று நாலு வாரம் மேலே சொன்ன சாப்பாட்டிலேயே நில்லுங்கள். எரிச்சல் அடங்கியபின் விட்டவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அழையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான், மதியத்தில் மட்டும், சிறு அளவில். மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. அவசரப்பட்டுப் புளியையும் மிளகாயையும் ஒரே நாளில் கூப்பிட்டால் குற்றவாளி யாரென்று தெரியாது.

என் நோட்டைப் புரட்டினால்: விதை நீக்கி வேகவைத்த தக்காளி மதியம் சரி, இரவு இல்லை. நெல்லிக்காய் அளவுப் புளி போட்ட ரசம் வாரம் இருமுறை சரி. பச்சை வெங்காயம் ஒருபோதும் இல்லை. சாக்லேட் எழுதிய மூன்று இடத்திலும் சிவப்பு மையில் வட்டம்.

படி 9: வெளியே சாப்பிடும்போது

ஓட்டலில் இட்லி, இடியாப்பம், சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மேலே ஊற்றவிட்டால் அளவு உங்கள் கையில் இல்லை. சப்பாத்தி எண்ணெயில்லாமல் போடச் சொன்னால் போடுவார்கள். ரயிலில் போனால் வாழைப்பழமும் இட்லிப்பொடி தடவிய நாலு இட்லியும் கையில் இருக்கட்டும்.

கல்யாணப் பந்திதான் பரீட்சை. கூட்டு, பொரியல், பருப்பு, மோர் நமக்கு. வற்றல் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் இலையை விரலால் மறைத்துவிடலாம், பரிமாறுபவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாயசம் இரண்டு கரண்டி. வரவேற்பு விருந்து ஒன்பதரைக்கு மேல் போகிறதென்றால், வீட்டிலேயே ஏழு மணிக்கு இரண்டு இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பந்தியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கூட்டைக் கிளறிக்கொண்டிருந்தால் யாரும் கவனிப்பதில்லை, பக்கத்து இலைக்காரர் உங்கள் வடையைக் கேட்டு வாங்கிக்கொள்வதைத் தவிர.